பட்டறைக்கும் ஒரு பாலிசி



ஜூலை பிறந்தால் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் 2020ஆம் ஆண்டைப் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி காலையில் நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஐந்தாவது அலகில் கொதிகலன் வெடித்தது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். 17 பேர் காயம்பட்டார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டு போனவர்களிலும் பலர் பிழைக்கவில்லை. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 7ஆம் தேதி, அதே நிலையத்தின் ஆறாவது அலகிலும் இதே போல் ஒரு விபத்து நடந்து உயிர்கள் போயிருந்தன. ஊரடங்குக் காலம் அது. சாவு வீட்டுக்குப் போய்க் கூடி அழவும் முடியாத நாட்கள்.

இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறையப் பேர். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்குப் போய் வந்தவர்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 30 லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. எந்தத் தொகையும் போன உயிருக்கு ஈடாகாதுதான். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. கொடுப்பதற்கு அதனிடம் பணம் இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது, பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள்.

இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது அந்த மின் நிலையத்தைப் பற்றி அல்ல. அதே சாலையில் கடலூர்ப் பக்கம் வந்தால் குறிஞ்சிப்பாடிக்கு அடுத்து வரும் குள்ளஞ்சாவடியைப் பற்றி. அதைப் போல நம் கடலூர் மாவட்டத்தில் இருக்கும் எத்தனையோ ஊர்களைப் பற்றி. அங்கே கொதிகலன் வெடித்து ஊரே அதிராது. வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் வீல் உடைந்து ஒருவர் கண்ணில் தெறிக்கும். மல்லாட்டை உடைக்கிற மெஷினின் பெல்ட்டில் புடவைத் தலைப்பு மாட்டும். சென்ட்ரிங் பலகை சரிந்து சித்தாள் கீழே விழுவார். மறுநாள் பேப்பரில் ஒரு வரி வந்தால் அதிகம். யார் செலவைப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடிந்துவிடும்.

முந்திரி கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோமே. கொட்டையை முதலில் அவிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன பாய்லர் உண்டு. அவித்து ஆறிய கொட்டையை ஒரு பெண் கத்திக்கு நடுவே ஒவ்வொன்றாக வைப்பார். காலால் மிதித்துக் கையால் பிடியை இழுத்தால் ஓடு பிளக்கும். எதிரில் இருப்பவர் அதிலிருந்து பருப்பை எடுப்பார். பிளந்த ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துப் பொசுக்கிவிடும். அதற்காக விளக்கெண்ணெயையோ சாம்பலையோ கையில் பூசிக்கொள்வார்கள். பல வருடம் இந்த வேலை செய்தவர்களின் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகையே மங்கியிருக்கும். கொஞ்சம் அசந்தால் கத்தி விரலில் இறங்கும். அப்படி இறங்கிய அன்று நடப்பது நமக்குத் தெரியும். ஒரு துணியைச் சுற்றி, டூவீலரில் உட்கார வைத்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, "ஆறினதும் வாம்மா" என்று அனுப்புவார்கள்.

அப்படி அனுப்பும் உரிமையாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் அதே ஊர்க்காரர்கள். வேலைக்கு வரும் பெண்கள் அவர்களை அண்ணன் என்றும் மாமா என்றும் கூப்பிடுகிறவர்கள். நல்லது கெட்டதுக்கு அந்த வீடுகளில் முதலில் போய் நிற்பவர்களும் அவர்கள்தான். நம் வாசகரான ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கேட்டார்: "சார், எங்கிட்ட நாலு பேருதான் வேலை செய்யுறாங்க. எல்லாம் எங்க பையனுங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா நான் பார்க்க மாட்டேனா? இதுக்குப் போயி பாலிசியா?"

பார்ப்பார். நான் நம்புகிறேன். ஆனால் எவ்வளவுக்குப் பார்க்க முடியும்? அந்தக் கணக்கை அவர் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இங்கே 1923இல் வந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பெயர் கொஞ்சம் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதன் அடிப்படை இத்தனை ஆண்டுகளாக மாறவில்லை. வேலை காரணமாக, வேலை நேரத்தில் ஒருவர் காயம்பட்டால் வேலை கொடுத்தவர்தான் பொறுப்பு. தப்பு யார் மேல் என்ற கேள்வி முதலில் எழாது. குடித்துவிட்டு வந்தார், வேண்டுமென்றே காப்பு மூடியைக் கழற்றினார் என்றெல்லாம் முதலாளி நிரூபித்தால் சில காயங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் உயிரே போய்விட்டாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ அந்த வாதமும் எடுபடாது. தினக்கூலிதானே, மஸ்டர் ரோலில் பெயர் இல்லையே என்று தட்டிக் கழிக்கவும் முடியாது. தற்காலிகத் தொழிலாளி என்று ஒதுக்கிய வாசகம் 2000ஆம் ஆண்டிலேயே சட்டத்திலிருந்து போய்விட்டது.

இனி அந்தக் கணக்கு. முப்பது வயது வெல்டர் ஒருவர். மாதம் 18,000 ரூபாய் வாங்குகிறார். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். மரணம் என்றால் அதில் பாதியை, அதாவது 7,500 ரூபாயை, வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் அறுபது சதவீதம். தொகை 18,71,820 ரூபாய். கட்டை விரல் ஒன்று போனால் சம்பாதிக்கும் திறனில் முப்பது சதவீதம் போனதாகச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அதற்கு 5,61,546 ரூபாய். ஒரு கை தோளோடு போனால் தொண்ணூறு சதவீதம். வைத்தியச் செலவு இதில் சேராது. அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அட்டவணையோடு கணக்கு முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒடிசாவில் தச்சர் ஒருவர் சினிமா கொட்டகை வேலையில் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது முழு ஊனம் அல்ல. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது நூறு சதவீத இழப்புதான் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்த அன்றே இழப்பீடு கொடுக்க வேண்டிய கடன் ஆகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில்தான். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் சேரும்.

நாலு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரால் ஒரே நேரத்தில் பதினைந்து லட்சம் எடுத்து வைக்க முடியுமா? மெஷினை விற்க வேண்டும், மனையை விற்க வேண்டும், வீட்டு நகை அடகுக்குப் போக வேண்டும். அப்படியும் தொகை சேராது. அதனால்தான் பஞ்சாயத்து. ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள். "அவனும் புள்ளக்குட்டிக்காரன், நீயும் புள்ளக்குட்டிக்காரி" என்று ஆரம்பிப்பார்கள். ஒன்றரை, இரண்டு என்று பேசி, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்திரைத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தாள் செல்லாது. சட்டம் கொடுத்த இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் விட்டுவிட முடியாது. மரணத்துக்கான தொகையைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். அவர்தான் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். நேராகக் கையில் கொடுத்ததைக் கொஞ்சம் முன்பணம் தவிர இழப்பீடாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆக, இரண்டு லட்சம் கொடுத்த முதலாளிக்கும் விடுதலை இல்லை. பதினைந்து லட்சத்துக்கு உரிய குடும்பத்துக்கும் நியாயம் இல்லை. அதுவரை அண்ணன், மாமா என்று இருந்தவர்கள் அதன் பிறகு எதிரும் புதிருமாகத் தெருவில் முகம் பார்க்காமல் போவார்கள்.

இன்னொன்றும் நம் மாவட்டத்திலேயே நடந்தது. 2020 செப்டம்பர் 4ஆம் தேதி காட்டுமன்னார்கோவில் பக்கம் குருங்குடியில் பட்டாசு தயாரிக்கும் இடம் வெடித்தது. வேலை செய்த பெண்களோடு அதை நடத்தியவரும் இறந்தார். சிறு தொழில் என்றால் முதலாளியும் அதே கூரையின் கீழ்தான் வேலை செய்கிறார். அவரும் போய்விட்டால் அந்தக் குடும்பங்கள் யாரிடம் போய்க் கேட்பது? பாலிசி ஒன்று இருந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கும். முதலாளி நொடித்துப் போனாலும் தொழிலாளியின் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனியின் மேல் நிற்கும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பட்டறைக்குச் சரக்கு ஏற்றிவரும் மினி லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால் போலீஸ் நிறுத்தும். அந்த வண்டியின் டிரைவருக்கான பொறுப்பும் அந்தப் பாலிசியில் கட்டாயமாக அடங்கும். வண்டி பட்டறைக்குள் வந்து நின்றபின் சரக்கை இறக்கும் ஆளுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1991இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான ரசாயனம் கையாளும் ஆலைகள் கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும் என்றது. யாருக்காக? மதில் சுவருக்கு வெளியே இருக்கும் பொதுமக்களுக்காக. உள்ளே வேலை செய்யும் தொழிலாளியை அந்தச் சட்டம் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறது. கடலூர் சிப்காட்டில் 2021 மே 13ஆம் தேதி நடந்த ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். அங்கிருந்து குள்ளஞ்சாவடி அதிக தூரம் இல்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், நல்ல ஏற்பாடுதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குப் பொருந்தும். முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால், வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் தொண்ணூறு சதவீதம் வரும். இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு மற்ற இழப்பீட்டுச் சட்டம் தனியாகத் தேவைப்படாது. ஆனால் நாலு பேர், ஆறு பேர் வேலை செய்யும் இடங்கள் அதன் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. நம் கடைவீதித் தொழில்களில் முக்கால்வாசி அப்படித்தான். பத்துப் பேர் இருந்தும் ஒன்பது பேர் என்று கணக்குக் காட்டுபவர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நம் மாவட்டத்து இளைஞர்கள் நிறையப் பேர் சிங்கப்பூரில் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறார்கள். உடல் உழைப்பு வேலைக்கு ஆள் வைக்கும் எந்த முதலாளியும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், வேலைக் காயத்துக்கான காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். எடுக்காவிட்டால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு. இங்கிலாந்தில் 1969இல் இதற்குச் சட்டம் இயற்றி 1972 முதல் அமல்படுத்தினார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து போன பையனுக்குச் சிங்கப்பூரில் கிடைக்கும் காப்பு, அவன் தம்பிக்கு உள்ளூர் லேத்தில் கிடைக்கவில்லை. நம் அரசும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை நாமே செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

செய்வது எப்படி? இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் போய் "டபிள்யூ.சி. பாலிசி" என்று கேட்டால் போதும். வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன் என்பதன் சுருக்கம் அது; சட்டத்தின் பெயர் மாறினாலும் வியாபாரத்தில் அந்தப் பெயர்தான் இன்னும் புழங்குகிறது. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்ற நான்கு அரசு நிறுவனங்களும் கொடுக்கின்றன. தனியார் நிறுவனங்களும் கொடுக்கின்றன. எத்தனை பேர், என்ன வேலை, ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பதை வைத்து பிரீமியம் போடுவார்கள். கிளார்க்குக்குக் குறைவு, உயரத்தில் ஏறி வேலை செய்பவருக்குக் கூடுதல்.

எடுக்கும்போது சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைக் குறைத்து எழுதாதீர்கள். பிரீமியத்தில் மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய், கிளெய்ம் வரும்போது லட்சமாகத் திருப்பி அடிக்கும். ஆள் கூடினால் உடனே தெரிவியுங்கள். வைத்தியச் செலவு பாலிசியில் தானாகச் சேராது. கேட்டுச் சேர்க்க வேண்டும். தொழில் நோய்களும் அப்படித்தான். முந்திரி, ரசாயனம், கல் உடைப்பு வேலை நடத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது. மேஸ்திரி மூலம் ஆள் வைத்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த மூல முதலாளியே கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கொடுத்தபின் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று புதிய சட்டத் தொகுப்பு எழுதிவைத்திருக்கிறது. பெண்களை டெம்போவில் ஏற்றிவரும் கம்பெனிக்காரர்கள் இதையும் ஏஜென்டிடம் பேசிவிடுங்கள்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். அது இரண்டு லட்சம் தரும். எல்லோரும் அவசியம் சேர வேண்டிய திட்டம்தான். ஆனால் அது தொழிலாளி தனக்காக எடுத்துக்கொண்டது. முதலாளியின் கடன் அதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. குழு விபத்துப் பாலிசி எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பாலிசி எடுத்துவிட்டோம் என்று பெல்ட்டுக்கு மூடி போடாமல் விட்டுவிடாதீர்கள். பாலிசி எல்லாச் சுமையையும் ஏற்காது: பணம் கட்டாமல் இழுத்தடித்ததற்கு வரும் அபராதத்தை முதலாளியே தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது. பாலிசியில் வேறுவிதமாக எழுதாதவரை இன்சூரன்ஸ் கம்பெனி அதற்கு வராது. கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட், பெல்ட்டுக்கு மூடி, பாய்லருக்கு நேரத்தில் பரிசோதனை இவைதான் முதல் காப்பு.

வேலை செய்யும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காயம் சின்னதாக இருந்தாலும் வேலையில் பட்டது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். சம்பளம் வாங்கியதற்கு வங்கிக் கணக்கோ, ஜிபே பதிவோ, நோட்டில் கையெழுத்தோ ஏதாவது ஒரு சான்று வைத்திருங்கள். முதலாளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க இரண்டு ஆண்டைத் தாண்ட விடாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அன்று மெஷினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, வேலை செய்பவர்களுக்குப் பொரியும் வேட்டி துண்டும் போனஸும் கொடுப்பது நம் வழக்கம். அந்தச் செலவோடு பாலிசியையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே நாளில் புதுப்பித்தால் தேதியும் மறக்காது. எடுத்தபின் அதன் நகல் ஒன்றை, எல்லோரும் படிக்கும்படி, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

அந்தப் பட்டறைக்கார நண்பருக்கும் இதுதான் என் பதில்: உங்கள் பையன்களை நீங்கள் பார்ப்பீர்கள், சந்தேகமில்லை. பார்ப்பதற்கு வேண்டிய பணத்துக்கு இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்